தமிழகக் கால்பந்தில் வீரரின் வயதும் டிரான்ஸ்ஃபர் தொகையும்

ஒப்பந்தக் காலம் முடியாத வீரரை விடுவிப்பதற்காக, அவரை எடுக்கும் கிளப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் பணம் டிரான்ஸ்ஃபர் தொகை. வீரரின் சம்பளம் இதில் சேராது. 1905-இல் சண்டர்லேண்ட் கிளப்பிடமிருந்து ஆல்ஃப் காமனை மிடில்ஸ்பரோ 1,000 பவுண்டுக்கு வாங்கியது அந்நாளில் பெரும் பேச்சானது. 1995-இல் வந்த போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்தவருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் விலை கேட்கக் கூடாது என்றது. அதன்பின் வயதோடு, ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதும் விலைக்கணக்கில் முக்கியமானது.

சென்னையில் நெடுங்காலம் இந்தக் கணக்கே எழவில்லை. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். போன்ற அணிகள் வீரருக்குக் கொடுத்தது வேலை. முழங்கால் போனாலும் மாதச் சம்பளம் நிற்காது. ஆட்டக்காரரின் வயதுக்கு அதைவிட நல்ல காப்பு இன்றைய கிளப்புகளிடம் இல்லை.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் வந்தபோது பணம் பெயரைத் தேடிப் போனது. டெல்லிக்கு டெல் பியரோ வந்தார், வயது 39. சென்னையின் எஃப்.சி.க்கு ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக வந்த மார்கோ மாத்தராட்சிக்கு 41. ஆனால் அதே அணியின் 33 வயது எலானோ 8 கோல் அடித்து அந்தப் பருவத்தின் தங்கக் காலணியை வாங்கினார். அடுத்த ஆண்டு 13 கோலோடு அதே விருதைப் பெற்று, சென்னைக்குக் கோப்பையும் வாங்கித் தந்த கொலம்பியர் ஸ்டிவன் மெண்டோசாவுக்கு வயது 23 தான். 2015 ஏலத்தில் சுனில் சேத்ரியை மும்பை 1.2 கோடிக்கு எடுத்தது. 24 வயது தோய் சிங்குக்குச் சென்னை 86 லட்சம் கொடுத்தது. இவை சம்பளத் தொகைகள். வீரரை வளர்த்த கிளப்புக்கான விலை அல்ல.

கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி வேறு வழியில் போனது. ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடியவர்களைத் தேடிக் கொண்டுவந்தது. அவர்களில் முப்பதைத் தொட்டிருந்த பெட்ரோ மான்சி 2018-19 ஐ-லீகில் 21 கோல் போட்டார். அணி சாம்பியன் ஆனது. வயதைப் பார்த்து அவரைக் கழித்திருந்தால் அந்தக் கோப்பை கோவைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. 2020 ஜனவரியில், பருவத்தின் நடுவே, அவர் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போனார்.

இளமையும் உத்தரவாதம் இல்லை. குமரி மாவட்ட மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டியிலிருந்து ஜாம்ஷெட்பூருக்கும், 2019-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே.க்கும் போனார். 2020 நவம்பர் 20 அன்று, பருவத்தின் முதல் ஆட்டத்தில், கால் மணி நேரத்துக்குள் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். வயது 26.

வயதுக்கு இன்னொரு விலையும் உண்டு. கிராமத்து மைதானங்களுக்கு வேண்டியது அதுதான். ஃபிஃபாவின் விதிப்படி, வீரர் டிரான்ஸ்ஃபர் தொகையோடு நாடு விட்டு நாடு மாறினால், அதில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரிந்து போகும். 2022 முதல் பாரிஸில் உள்ள ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் வழியாக இது நடக்கிறது. புதுச்சேரியின் ஏம்பலத்திலோ பாகூரிலோ வில்லியனூரிலோ ஒரு பையன் பன்னிரண்டு வயதில் ஆடத் தொடங்கினால், அவனுக்குப் பயிற்சி தரும் கிளப் கால்பந்து சங்கத்தில் பதிவானதாக இருக்க வேண்டும், அவன் பெயரும் அந்தக் கிளப்பின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லாத ஆண்டுகளுக்கு ஒரு ரூபாயும் வராது.