போத்தல் விளக்கும் வலைப்பந்தும்

எமது கல்லூரியின் நூறு ஆண்டுகளை எழுதுவோர் அதிபர்களையும் கட்டடங்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் எழுதுவர். மாலை நான்கு மணிக்குப் பின் மைதானத்தில் நடந்தவை பெரும்பாலும் விடுபட்டுப் போகும். உயர்தர வகுப்புக்கு ஏறியதும் எம்மில் அநேகர் வலைப்பந்தாட்டத்தைக் கைவிட்டோம். ஏன் கைவிட்டோம் என்பதும் இக்கல்லூரியின் வரலாறுதான்.

இணுவிலில் வைத்தியக் கனவு பழையது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்கிளியொட் மருத்துவமனை இங்கு 1898இல் தொடங்கப்பட்டது. பெண் வைத்தியர்களை எங்கள் அம்மம்மாமார் கண்ணால் கண்டவர்கள். எழுபதுகளில் தரப்படுத்தல் வந்தபின் ஒவ்வொரு புள்ளியும் உயிராயிற்று. பெண்பிள்ளை மைதானத்தில் நிற்கும் ஒரு மணித்தியாலம் படிப்பிலிருந்து களவெடுத்ததாகவே வீட்டில் கணக்கிடப்பட்டது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் இந்தக் கணக்கு இன்னும் இறுகியது. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்க்குப் பெருந்தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெய் விட்டுத் திரிகொளுத்தி அந்த வெளிச்சத்திலே இரசாயனவியல் படித்தோம். ஆகவே படிப்பும் விளையாட்டும் பங்கு கேட்டது நேரத்தை மட்டுமல்ல, பகல் வெளிச்சத்தையும்தான். 1994இல் ஒரு முக்கிய ஆட்டத்துக்கு எமது அணியில் கோல் போடுபவள் வரவில்லை. தோற்றோம். மூன்று மாதம் அவளோடு கதைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தது, அணியும் சிதறியது.

படிப்பா, விளையாட்டா என்ற கேள்விக்கு மறுமொழி யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே இருந்தது. யாழ். மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தபோது அவருக்குப் பதினேழு வயது. பின்னர் லொஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது தங்கத்தைப் பெற்றுத்தந்தார். அதன் பிறகு கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். எங்களுக்கோ அவர் பொது அறிவு வினாத்தாளில் ஒரு விடை மட்டுமே. அவர் எப்படிப் படித்தார், எப்போது பயிற்சி செய்தார் என்று எவரும் சொல்லித்தரவில்லை. ஆண்பிள்ளையின் கதை என்றும் நாமே ஒதுக்கிவிட்டோம்.

அந்தச் சாக்கையும் தர்ஜினி சிவலிங்கம் இல்லாமற் செய்துவிட்டார். அவர் எங்கள் அயலிலுள்ள புன்னாலைக்கட்டுவன், ஈவினையைச் சேர்ந்தவர். உயரம் 2.08 மீற்றர். எங்களைப்போல உயர்தரத்தோடு அவர் நின்றுவிடவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தார், தேசிய அணிக்கும் போனார். 2009இல் ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் அவர் இருந்தார். 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டார். அத்தொடரில் வேறெவரும் அத்தனை போடவில்லை. அந்தச் செய்தியை வாசித்தபோது மகிழ்ச்சியோடு ஒரு சிறு பொறாமையும் எழுந்ததை ஏன் மறைப்பான்?

வைத்தியராக ஒன்று சொல்லலாம். விளையாடும் பிள்ளை களைத்துச் சோர்ந்து வந்தால், "எல்லாம் அந்தப் பந்தால்தான்" என்று தாய்மார் சொல்வார்கள். இரத்தத்தைச் சோதித்தால் பல வேளைகளில் இரும்புச்சத்துக் குறைவு தெரியவரும். மருந்தும் வேளைக்குச் சாப்பாடும் கொடுத்துத் தேறவைக்கவேண்டிய பிள்ளையை அணியிலிருந்து மறித்துவிடுகிறோம்.

இன்று வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் கல்லூரி விட்டதும் ரியூசன் தொடங்கிவிடுகிறது. நான்குக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பிள்ளைகளுக்கு மீட்டுக்கொடுக்க எமது சங்கம் பெற்றோரோடு பேசலாம்.

அன்று வராத எங்கள் தோழி இப்போது கனடாவில் இருக்கிறாள். இம்மலர் அவள் கைக்கும் போகும். அந்தக் கிழமை அவள் வீட்டில் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் இருக்கவில்லை, பொழுதுபடுமுன் படித்து முடி என்று அம்மா மறித்துவிட்டார் என்பதை நாம் அறிந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.