தீக்காப்புப் பேழையின் வரலாறும் தேர்வும்

பேழை, பெட்டகம் என்பன தமிழில் நெடுங்காலமாக வழங்கும் சொற்கள். வணிகர் இல்லங்களில் 'இரும்புப் பெட்டி' என வழங்குவது அவற்றிற்குப் பின்வந்தது. இரும்புப் பெட்டியுள் வைத்த பொருளைக் கள்வர் கொள்ளார், தீயும் தீண்டாது என்னும் நம்பிக்கை பலரிடம் உண்டு. அதன் முற்பகுதி ஓரளவு உண்மை, பிற்பகுதி பிழை. கையெழுத்துப் படிகளையும் ஓலைச்சுவடிகளையும் போற்றும் கடமையுடைய நாம் இப்பிழையை வரலாற்று முறையில் ஆராய்தல் வேண்டும்.

இரும்பு எரியாது, ஆயினும் வெப்பத்தை விரைந்து உட்செலுத்தும். தாள் எரிவதற்குத் தீயின் நா அதனைத் தொடவேண்டுவதில்லை. ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது தானே பற்றும். அதற்கு முன்னரே கருகத் தொடங்கும். எனவே, வெறும் இரும்பாலான பெட்டி தீயினிடையே அடுப்பிலேற்றிய கலத்தை ஒக்கும்.

இதனை முதலில் உணர்ந்தோர் வெப்பத்தைத் தடுக்க முயன்றனர். இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஸ்காட் 1801-இலும், வில்லியம் மார் 1834-இலும், சார்லஸ் சப் பின்னரும் இத்துறையில் காப்புரிமம் பெற்றனர். இருசுவர்களுக்கிடையே வெப்பங்கடத்தாப் பொருளை நிரப்புவதே அக்காலத்து நெறி. 1835 டிசம்பர் 16-ஆம் நாள் இரவு நியூயார்க் நகரில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ 600 கட்டடங்களை அழித்தது. கடுங்குளிரால் தண்ணீரும் உறைந்து தீயணைப்போர் செயலற்றனர். நெருப்பில் வாழ்வதாகக் கதைகளில் கூறப்படும் 'சலமாண்டர்' என்னும் உயிரியின் பெயரை அமெரிக்கர் தம் பேழைகளுக்கு இட்டனர். பெயர் தந்த உறுதியைப் பேழைகள் எல்லாம் தரவில்லை.

திருப்பம் 1840-இல் நேர்ந்தது. தாமஸ் மில்னர் என்பார் உப்புக்கரைசல் நிறைந்த குழாய்களைப் பேழைச் சுவரினுள் அமைத்தார். வெப்பம் மிகுங்கால் அவை வெடித்துச் சுற்றியுள்ள நிரப்புப் பொருளை நனைக்கும். 1843-இல் டான் என்பார் படிகாரத்தைப் பயன்படுத்தினார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் டானியல் ஃபிட்ஸ்ஜெரால்டு பாரிஸ் சாந்துக்கு உரிமம் பெற்றார். இவர்கள் வெப்பத்தைத் தடுத்தலோடு அமையாது, அதனைச் செலவிடச் செய்தனர். இதுவே இவ்வரலாற்றின் உயிர்நாடி என்பது எம் கருத்து. இறுகிய பாரிஸ் சாந்தில், அஃதாவது ஜிப்சத்தில், நூற்றுக்கு 21 பங்கு நீரே. படிகாரத்தில் 45 பங்கு. கையால் தொட்டால் ஈரமறியாத அப்பொருள்களிலிருந்து நீர் ஆவியாகப் பிரிய மிகுந்த வெப்பம் செலவாகின்றது. நீர் தீருமட்டும் உள்ளறை தாள் கருகும் நிலையை எட்டுவதில்லை. பேழை காப்பது இரும்பாலன்று, ஒளிந்துள்ள நீரால்.

தேர்வு முறையும் இவ்வுண்மையினின்றே பிறக்கும். 'தீப்பிடியாதது' என்னும் விளம்பரச் சொல்லால் பயனில்லை. எத்துணைப் பொழுது, எப்பொருளைக் காக்கும் என்பதே வினா. அமெரிக்கச் சோதனை முறையில், தாளுக்குரிய ஒருமணிப் பேழையைச் சுட்டு உலையை 927 பாகைவரை ஏற்றுவர். அப்போது உள்வெப்பம் 177 பாகையைக் கடத்தலாகாது. ஆனால் கணிப்பொறித் தகடுகளுக்கு அவ்வரம்பு பெருங்கேடு. அவற்றுள் சிலவற்றிற்கு 52 பாகையே எல்லை. சுவடிகளை ஒளிப்படமாக்கிய தகட்டைத் தாட்பேழையில் வைப்பவர் சுவடியைக் காத்துப் படியை இழக்கக்கூடும். களவுக்காப்புச் சான்று வேறு, தீக்காப்புச் சான்று வேறு என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பழம்பேழைகளின் நிரப்புப் பொருள் நீரிழந்திருக்கலாம். ஆதலின் அவற்றின் கனங்கண்டு மயங்குதல் கூடாது.

எதனை உள்ளே வைப்பது? 1836 டிசம்பரில் வாஷிங்டன் உரிம அலுவலகம் எரிந்தபோது ஏறத்தாழ 10,000 உரிமங்கள் அழிந்தன. பிறரிடமிருந்த படிகளைக் கொண்டு ஏறத்தாழ 2,800 மட்டும் மீட்கப்பட்டன. தொடக்ககாலப் பேழைகளை ஆராயப் புகுவார்க்கே இஃது ஓர் இடையூறு என்பது விந்தை. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, ஓலைச்சுவடிகள் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சுநூலை வேறிடத்தில் தேடிப் பெறலாம். படியில்லாச் சுவடியைப் பெறல் இயலாது. நூலகம் முழுதும் பேழைக்குள் அடங்காதாகலின், படியில்லாதனவும் அட்டவணையும் முதலிடம் பெறுதல் முறை.

ஈண்டு ஓர் இடர்ப்பாடும் உண்டு. தீயின்போது காக்கும் அந்நீர்ப்பொருள் ஏனைய நாள்களில் உள்ளறையில் ஈரமேற்றிப் பூஞ்சை படரச் செய்யும். எனவே ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளை இட்டு, அடிக்கடி திறந்து காற்றோட்டம் தரல் வேண்டும்.

தீ அவிந்தபின் உடனே திறத்தலோ தீங்கு. உள்ளே வெம்மை தங்கியிருப்பின், புகுங்காற்றால் தாள்கள் பற்றிக்கொள்ளும். 1906-இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் எரிந்தபின் வங்கியாளர் பலர் தம் பெட்டகங்கள் ஆறுமட்டும் பலநாள் காத்திருந்தனர். ஏ. பி. ஜியானினி என்பார் மட்டும், தம் வங்கிப் பணத்தைத் தீ வருமுன்னரே வண்டியிலேற்றி ஊர்ப்புறம் கொண்டுசென்றமையால், மற்றவர் பெட்டகங்கள் ஆறுவதற்கு முன்பே கடன் வழங்கத் தொடங்கினார்.