வலைக்கடனும் வித்தைக்கடனும்

கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் புகையிரதம் சிலாபத்தைக் கடந்து, 1926இல் புத்தளம்வரை நீட்டப்பட்ட அப்பாதையின் சிறு நிலையங்களுள் ஒன்றாகிய முந்தலில் நிற்கும்போது, இறங்குபவனுக்கு மேற்கே களப்பும், ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்காலும், அவற்றுக்கப்பால் உடப்பின் மணற்கரையும் விரிந்து கிடக்கின்றன. திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்புக்குப் பேர்போன உடப்பு, கரைவலைக்கும் அவ்வலையை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலுக்கும் பேர்போனது. கடலோடு கடனும் சேர்ந்தே வாழ்ந்த கரை அது.

வலைக்கு உடையவர் சம்மாட்டி. கயிற்றில் கைவைக்கும் தொழிலாளியோ பருவம் பிறக்குமுன்பே அவரிடம் முற்பணம் வாங்கி, அதை அரிசிக்கும் பிள்ளைகளின் துணிக்கும் செலவிட்டு, அப்பருவம் முழுவதும் வேறொரு வலையைத் தொடுவதில்லை என்ற வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். மீன்பாடு வாய்த்தால் பங்கில் கழியும்; வாய்க்காவிட்டால் பாக்கி அடுத்த பருவத்துக்கு ஏறும். அவனுடைய தோள்களே பிணை. இம்முறையை வெறும் சுரண்டல் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மீன் படாத நாளில் கடனாளியின் அடுப்பு எரிகிறதா என்று விசாரிக்க வேண்டிய கடமையும் சம்மாட்டிக்கு இருந்தது.

வித்தைக்காகக் கடன் வாங்கும் வழக்கம் இக்கரைக்குப் பிந்தி வந்தது. அது வந்த வழியும் நேரானதன்று. வீட்டிலிருந்தே பட்டம் பெறும் வாய்ப்பை 1858இல் இலண்டன் சர்வகலாசாலை திறந்துவைத்தது. 1921இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கூட அந்தச் சர்வகலாசாலையின் வெளிவாரிப் பரீட்சைக்கே அமர்ந்தனர். பிற்காலத்தில் சுவாமி விபுலானந்தர் என உலகம் அறிந்த மயில்வாகனனார், யாழ்ப்பாணத்தில் ஆசிரியத் தொழில் பார்த்த வருஷங்களை ஒட்டி, 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். எனினும் சம்பளம் வாங்கும் ஆசிரியரால் செலுத்தக்கூடிய பரீட்சைக் கட்டணம், பங்கில் வயிறு வளர்க்கும் வலைக்காரனின் மகனுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கட்டணத்தை ஒழித்தது என்பது மெய்தான். ஆனால் சர்வகலாசாலையின் வாயில் ஒடுக்கமானது. மொத்த இடங்களில் ஐந்து வீதம், கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டபோது புத்தளமும் அப்பட்டியலில் இடம்பெற்றது. அந்தச் சலுகையும் போதாமல், வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே நின்றுபோன பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் மீந்தார்கள்.

அவர்களுக்கும், உத்தியோகத்தையோ குடும்பத்தையோ விட்டு நகர முடியாதவர்களுக்கும் புகலிடமாக 1980இல் நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது. புத்தளத்திலும் அதற்கொரு நிலையம் அமைந்ததனால், தமிழ் மொழிமூலம் பட்டப்பின் கல்வி டிப்ளோமா பயிலும் ஆசிரியைகளுக்குக் கொழும்புப் பிரயாணம் குறைந்தது. ஆனால் இது அரசின் பல்கலைக்கழகமாயிருந்தும் கட்டணம் அறவிடுவது. அமைச்சர் லலித் அத்துலத்முதலி தொடக்கிவைத்த மகாபொல என்னும் புலமைப்பரிசில் உதவியோ உள்வாரி மாணவருக்கு உரியது. ஆகவே, வறுமையினாலோ பொறுப்பினாலோ வீட்டில் இருந்தபடியே படிப்பவன் பணம் கட்ட வேண்டும், விடுதியில் தங்கிப் படிப்பவன் கட்ட வேண்டியதில்லை என்ற விபரீதம் சம்பிரதாயமாகிவிட்டது.

இப்பணத்துக்கு வழி, தாயின் கையில் இருந்த காப்பு. உடப்புப் பக்கத்தில் நான் கண்ட ஒரு வீட்டில், திறந்த பல்கலைக்கழகப் பாடநூலின் நடுவே அடையாளத் தாளாகச் செருகப்பட்டிருந்தது வங்கியின் அடகுச்சீட்டு. ஒன்றரைப் பவுண் காப்பு, மீட்கும் தேதி, ஊதா மையில் ஒரு முத்திரை. சம்மாட்டியிடம் பேசித் தவணை நீட்டிக்கொள்ளலாம். அந்த ஊதா முத்திரையிடம் பேச முடியாது.

வட்டியில்லா மாணவர் கடன் என்ற திட்டத்தை அரசு 2017இல் கொண்டுவந்தது. உயர்தரத்தில் தகுதி பெற்றும் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவன், அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனமொன்றிற் பட்டம் பயில, தொடக்கத்தில் எட்டு இலட்சம் ரூபாய்வரை வங்கியிற் பெற முடிந்தது. வட்டியை அரசு செலுத்தும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அந்நிறுவனங்களிற் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தவையாதலால், முந்தல் பிள்ளைக்கு வாடகை அறையும் சாப்பாட்டுச் செலவும் கடனோடு ஒட்டிக்கொள்கின்றன. அரசின் சொந்தத் தொலைக்கல்விக் கூடத்திற் சேர்ந்து, களப்போரத்து வீட்டிலிருந்தே அதைவிடக் குறைந்த செலவிற் படிக்க நினைப்பவளுக்காகவோ அத்திட்டம் வகுக்கப்படவில்லை. செலவு மிகுந்த வழிக்குக் கடனும், செலவு குறைந்த வழிக்கு அடகுமாக அமைந்த இந்த ஏற்பாட்டை நியாயம் என்று என்னாற் சொல்ல முடியவில்லை.

கொழும்பில் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தை எழுதுவோர், அந்த வட்டிச் சலுகையைத் திறந்த பல்கலைக்கழக மாணவருக்கும் நீட்டுவார்களாக. உடப்பில் இரண்டொரு காப்புகளாவது கையிலேயே கிடக்கும்.