குடல்வாலில் ஒரு கதவு: அமீபாவைத் துரத்திய கதை

வயிற்றில் ஒரு ஓட்டை போட்டு, குடலை வெளியே கொண்டுவந்து தைப்பதற்குப் பேர் ஆஸ்டமி. அந்த வாய்தான் ஸ்டோமா. மலம் அது வழியா ஒரு பைக்குள்ள சேரும். கேன்சர், விபத்து, தீராத குடல்புண் என்று பல காரணங்களுக்காக இதைச் செய்கிறார்கள். பொதுவா இது வெளியே போற வழி. ஆனால் சுமார் 120 வருஷத்துக்கு முன்னாடி, மருந்தை உள்ளே அனுப்பவே டாக்டர்கள் ஒரு ஓட்டை போட்டார்கள். எதிரி ஒரு ஒட்டுண்ணி.

1875, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். பேதியால் அவதிப்பட்ட ஒரு விவசாயியின் மலத்தை லோஷ் என்ற டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். உள்ளே ஊர்ந்துகொண்டிருந்தது அமீபா. 1903ல் ஷௌடின் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அதற்கு எண்டமீபா ஹிஸ்டோலிடிகா என்று பெயர் வைத்தார். ஹிஸ்டோலிடிகா என்றால் திசுவைக் கரைப்பது. பேர்லயே பயோடேட்டா இருக்கு பாருங்க. பெருங்குடல் சுவரை அரிக்கும், ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கும் போகும்.

அப்போ மருந்தே இல்லையா? இருந்தது. தென் அமெரிக்காவின் இபிகாக் வேர். ஆனால் குடித்தால் வாந்தி. குயினைன் கலந்த தண்ணீரை எனிமாவாகக் கொடுத்தும் பார்த்தார்கள். கீழிருந்து ஏற்றும் தண்ணீர் பெருங்குடலின் ஆரம்பம் வரை சரியாகப் போய்ச் சேராது.

1902ல் நியூயார்க் சர்ஜன் ராபர்ட் வியர் இதைத் தலைகீழாக யோசித்தார். குடல்வால் பெருங்குடலின் ஆரம்பத்தில்தானே இருக்கிறது? அதை வயிற்றுக்கு வெளியே இழுத்துத் தைத்து, நுனியைத் திறந்து, மேலிருந்தே மருந்துத் தண்ணீர் விட்டால்? அவர் இதைச் செய்தது நாள்பட்ட பெருங்குடல் அழற்சிக்கு. சீக்கிரமே மற்ற சர்ஜன்கள் அமீபா சீதபேதிக்கும் இதைச் செய்தார்கள். வேண்டாத உறுப்புன்னு நாம நினைக்கிற குடல்வால், மருந்து போற கதவாயிடுச்சு.

ஐடியா அருமை. ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. அமீபா மேற்பரப்பில் மட்டும் இல்லை. சுவருக்குள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் தரையைத்தான் கழுவும், சுவருக்குள் போகாது. கல்லீரலைத் தொடவே தொடாது.

விடை வேறு பாதையில் வந்தது. இபிகாக் வேரின் சாரமான எமெட்டின் அமீபாவைக் கொல்லும் என்று 1911ல் மணிலாவில் எட்வர்ட் வெடர் ஆய்வகத்தில் காட்டினார். 1912ல் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் அதை ஊசியாகப் போட்டார். மருந்து ரத்தம் வழியே சுவருக்குள் போனது. இனி சீதபேதிக்காக வயிற்றைத் திறக்க வேண்டிய அவசியம் குறைந்தது. எமெட்டின் இதயத்தைப் பாதிக்கும் என்பதால், 1960களில் மெட்ரோனிடசோல் மாத்திரை அதன் இடத்தைப் பிடித்தது.

இது பழைய கதை மட்டும் இல்லைங்க. அமீபா புண்ணும், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் புண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கோலைட்டிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால், அமீபா கட்டுக்கடங்காமல் பரவும். தெரியாமல் ஆபரேஷன் செய்து ஸ்டோமா வைத்தால், அதைச் சுற்றியுள்ள தோலையும் அமீபா அரித்த கேஸ்கள் உண்டு. அதனால கத்திக்கு முன்னாடி மலப் பரிசோதனை.

ஸ்டோமாவோடு வாழ்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, சிறுகுடல் ஸ்டோமா இருந்தால் பேதியில் தண்ணீரும் உப்பும் வேகமாக வெளியேறும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீங்க. இரண்டு, மருந்து எழுதும் டாக்டரிடம் ஸ்டோமா இருப்பதைச் சொல்லுங்க. மெதுவாகக் கரையும் மாத்திரைகள் சில சமயம் கரையாமலே பைக்குள் வந்துவிடும். எந்தப் பாதையில் மருந்து போகிறது என்பதுதான் 1902லயும் கேள்வி, இன்னைக்கும் கேள்வி.

வியரின் கதவு என்ன ஆச்சு? 1990ல் பிரிட்டனில் பேட்ரிக் மலோன், மலத்தைக் கட்டுப்படுத்த முடியாத குழந்தைகளுக்காக அதே குடல்வால் வழியை மறுபடி திறந்தார். அமீபாவுக்குத் தோற்ற ஐடியா, இன்று பல குழந்தைகளை டயப்பர் இல்லாமல் பள்ளிக்கூடம் அனுப்புகிறது.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.