வெனிஸும் கிருதுமாலும்

என் பேத்தி இத்தாலியில் மேல்படிப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு சனி, ஞாயிறு தனியாகக் கிளம்பி வெனிஸ் நகரத்தைச் சுற்றிவிட்டு வந்தாள். இரவு போனில் பேசும்போது மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் தீவுகள், பஸ்ஸுக்குப் பதிலாகப் படகு, குப்பை அள்ளுவதற்கும் படகு, ஆம்புலன்ஸும் படகு. கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

"தாத்தா, நம்ம மதுரையில இந்த மாதிரி ஊருக்குள்ள தண்ணி ஓடுச்சா?"

"ஓடுச்சு தாயி. நானே பாத்திருக்கேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எது நான் பார்த்தது, எது படித்தது, எது பெரியவர்கள் சொன்னது என்று பிரித்துப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! அவள் தனியாகச் சுற்றினாள் அல்லவா, நானும் அடுத்த சனி, ஞாயிறு தனியாக என் ஊரைச் சுற்றுவது என்று முடிவு செய்தேன். கையில் ஒரு குடை, ஒரு தண்ணீர் பாட்டில், மூத்த குடிமக்களுக்கான முழங்கால் பட்டை. அவ்வளவுதான் ஏற்பாடு.

சனிக்கிழமை காலை பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கினேன். அதன் அருகில் பழைய கோட்டையின் கொத்தளம் ஒன்று மிஞ்சி நிற்கிறது. தினமும் அதைக் கடந்து போகும் ஆயிரம் பேரில் பத்துப் பேர் நின்று பார்த்தால் அதிகம். விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை அது. சுற்றிலும் ஆழமான அகழி. அதற்கும் முந்தைய பாண்டியர் கோட்டையிலும் அகழி உண்டு. கோவலனும் கண்ணகியும் மரப்புணையில் வையையைக் கடந்து, அகழி ஓரமாக நடந்து வருவதை இளங்கோவடிகள் பாடியிருக்கிறார். ஆக, மதுரைக்குள் முதன்முதலாக வருகிறவர்கள் தண்ணீரைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள்.

அந்த அகழி எங்கே போயிற்று? பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் 1840களில் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். ஊர் நெருக்கடியாகிவிட்டது என்பது ஒரு காரணம். தேங்கிய அகழித் தண்ணீரால் காய்ச்சல் பரவுகிறது என்பது இன்னொரு காரணம். மதிலை இடித்துத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடமே கிடைக்கும் என்று அறிவித்ததால் வேலை விறுவிறுவென்று நடந்தது. மேற்பார்வை பார்த்த மாரட் துரையும் பெருமாள் மேஸ்திரியும் வீதிப் பெயர்களாக இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குத்தூணைத் தெரியாத மதுரைக்காரர் கிடையாது. மாரட் வீதியில் நடக்கும்போது, பழைய கோட்டையையும் அகழியையும் மிதித்துக்கொண்டு போகிறோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். அகழிக்குக் கேடு வந்தது தண்ணீர் இருந்ததால் அல்ல, அது ஓடாமல் நின்றதால்.

டவுன்ஹால் ரோட்டில் கூடலழகர் கோயில் தெப்பக்குளத்தைப் பார்த்தேன். கடைகளுக்குப் பின்னால் இப்படி ஒரு குளம் இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. புது மண்டபத்துக்கு அந்தப் பக்கம் ஏழுகடல் தெருவுக்குப் போனேன். மீனாட்சியின் தாயார் காஞ்சனமாலை நீராடுவதற்காக ஏழு கடல்களும் வந்து கலந்தன என்று திருவிளையாடல் சொல்லும் இடம். இப்போது அங்கே கடைகள். தெருப் பெயரில் மட்டும் கடல் இருக்கிறது.

மதியம் எல்லீஸ் நகர்ப் பக்கம் கிருதுமால் நதியைப் பார்க்கப் போனேன். "நதியா, அது சாக்கடையாச்சே" என்று ஆட்டோக்காரர் சிரித்தார். பாகவதத்தில் வருகிற கிருதமாலா இதுதான். திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் இந்த ஆற்றில் தர்ப்பணம் செய்தபோது அவன் கையில் ஒரு குட்டி மீன் வந்தது, அதுவே மச்சாவதாரம் என்பது கதை. நாகமலைப் பக்கம் துவரிமான் வட்டாரத்தில் தொடங்கி, நகரத்துக்குள் வளைந்து புகுந்து, சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் கண்மாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன ஆறு. மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தில் நின்றேன். கறுப்பாக ஒரு நீர்க்கோடு, பிளாஸ்டிக் பைகள்.

இனி நான் எழுதப் போவதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

நான் குமாஸ்தாவாக வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நாற்பது வருடங்களுக்கு முன்பு, ஒரு கிளை வாய்க்காலின் மேல் காங்கிரீட் மூடி போட்டுச் சாலையை அகலப்படுத்தும் கோப்பு என் மேசைக்கு வந்தது. குறிப்பு எழுத வேண்டியவன் நான். "மேற்படி வாய்க்கால் பயன்பாட்டில் இல்லை" என்று ஒரு வரி எழுதினேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. பழைய கோப்பில் யாரோ எழுதியதைப் பார்த்து எழுதினேன். மேலே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மூடி போடப்பட்டது. அதன் மேல் கடைகள் வந்தன.

அன்று சாயங்காலம் அந்த இடத்துக்குப் போனேன். ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். பேச்சுவாக்கில் கடைக்காரர் சொன்னார்: "மழை பெஞ்சா கடைக்குள்ள முழங்கால் அளவு தண்ணி சார். எங்கேயிருந்துதான் வருதோ தெரியல."

எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். டீ தொண்டையில் இறங்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிறு அதிகாலை, 1889ல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் நின்று வைகையைப் பார்த்தேன். பரிபாடல் புகழ்ந்த ஆறு. 1895ல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து இதில் கலக்கிறது. 1959ல் வைகை அணை வந்தது. அழகர் இறங்கும்போது திறந்துவிடும் தண்ணீரைத்தான் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியும்.

அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645 வாக்கில் திருமலை நாயக்கர் வெட்டியது. ஏறக்குறைய ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்றும், தோண்டும்போது கிடைத்தவரே மீனாட்சி கோயிலின் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் சொல்வார்கள். பல வருடங்கள் இது வறண்டு கிடந்து, பையன்கள் உள்ளே கிரிக்கெட் விளையாடியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு பனையூர்க் கால்வாயைத் தூர்வாரி, வைகையிலிருந்து குளத்துக்கு வரும் பழைய வழியைத் திறந்தார்கள். குளம் நிறைந்தது. தைத் தெப்பம் தண்ணீரில் மிதந்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, நாயக்கர் காலத்து வழியை மறுபடி திறந்தார்கள், அவ்வளவுதான். படிக்கட்டில் உட்கார்ந்து மைய மண்டபத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெனிஸிலும் கழிவு நீர் கால்வாயில்தான் போய்ச் சேர்கிறதாம். ஆனால் கடல் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கி அதை அலசிவிடுகிறது. நமக்கு அந்தக் கடல் இல்லை. நமக்கு இருந்ததெல்லாம் வாய்க்காலின் வாட்டம் பார்த்து வெட்டிய பெரியவர்களின் அறிவுதான். அந்த வெனிஸிலிருந்து கிளம்பி 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும் முத்துக் குளிப்பையும் குதிரை வியாபாரத்தையும் வியந்து சொல்லியிருக்கிறார். அவர் ஊர் தண்ணீரைக் காப்பாற்றிக்கொண்டு இன்னும் நிற்கிறது.

ஞாயிறு இரவு பேத்தி கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒரு வரிக் குறிப்பையும் சேர்த்து. சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த வாய்க்கால் எப்படிப் போச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா தாத்தா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. அந்தக் கோப்பில் இருந்த வரைபடத்தை என் கையால்தான் நகல் எடுத்தேன். எங்கே பிரிந்தது, எந்தத் தெருவுக்குக் கீழே போகிறது, எங்கே கிருதுமாலில் சேர்ந்தது என்று ஒரு தாளில் வரைந்துவிட்டேன். நாளை வார்டு அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன். ஒரு நகல் அந்த டீக்கடைக்காரருக்கு. அதை யார் எழுதியது என்பதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் தெருவில் ஓடிய வாய்க்கால் உங்களுக்கு ஞாபகம் இருந்தால், நீங்களும் ஒரு தாளில் வரைந்து வையுங்கள். நம் வயதுக்காரர்களோடு அந்த வழியும் மறைந்துவிடக் கூடாது.