தாய்ப்பத்திரம்

மனை வாங்கப் புதிதாகக் கிளம்புகிறவளுக்கு முதல் பாடம்: தாய்ப்பத்திரத்தைப் பார். பார்த்தேன். பெயரில்தான் தாய், உள்ளே தாத்தா, அப்பா, மகன்கள்.

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தர 1989 ஆனது. அதிலும் அவ்வாண்டு மார்ச் 25க்கு முன் மணமானவள் சேர்த்தியில்லை (கல்யாணம் ஆனால் மகள் இல்லையாம்!). 2005இல் மத்தியத் திருத்தம் வந்துதான் அந்த விலக்கு போனது.

இன்று தரகரே கேட்கிறார், “பொண்ணுங்க கையெழுத்துப் போட்டாச்சா?” போட்டிருந்தார்கள். மூன்று சகோதரிகள், ஒரு விடுதலைப் பத்திரம். பங்கை விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் ‘அன்பும் பாசமும்’. ஒருத்தி கைநாட்டு.

வில்லங்கம் ஏதுமில்லை என்றார் வக்கீல். முன்பணம் கொடுத்துவிட்டேன்.