மேயர் நாற்காலியில் ஒரு வானொலிக்காரர்

1990களில் ஐஸ்லாந்தில் வானொலி கேட்டவர்களுக்கு யோன் க்னாரின் குரல் நன்றாகத் தெரியும். சிகுர்யோன் க்யார்டன்சனுடன் அவர் நடத்திய 'த்விஹோவ்தி' நிகழ்ச்சியில் எங்கெங்கோ போன் போட்டு வம்பிழுப்பார். அமெரிக்க வெள்ளை மாளிகையையே கூப்பிட்டு, தொலைந்துபோன தன் பர்ஸ் அங்கே கிடைத்ததா என்று பவ்யமாக விசாரித்தவர் அவர். 2007இல் ஒரு பெட்ரோல் பங்கின் இரவு ஷிஃப்டைச் சுற்றி நடக்கும் தொலைக்காட்சித் தொடரில் கொடுங்கோல் மேலாளராக நடித்து இன்னும் புகழ்பெற்றார்.

மறு ஆண்டு அக்டோபரில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தன. தலைநகர் ரெய்க்யவிக்கோ 2006 முதல் 2010 வரை நான்கு மேயர்களைப் பார்த்துவிட்டது. அரசியல்வாதிகள் மீது மக்களுக்கு நம்பிக்கையே அற்றுப்போன அந்த நேரத்தில் யோன் 'சிறந்த கட்சி'யைத் தொடங்கினார். நீச்சல் குளங்களில் இலவசத் துண்டு, மிருகக்காட்சி சாலைக்கு ஒரு பனிக்கரடி என்று வாக்குறுதிகளை அடுக்கினார். எதையும் நிறைவேற்றப் போவதில்லை என்பதையும் மேடையிலேயே சொன்னார். 2010 மே மாதம் நடந்த நகர்மன்றத் தேர்தலில் 34.7 சதவீத வாக்குகளுடன் 15 இடங்களில் 6 அவர் கட்சிக்குக் கிடைத்தன. பங்க் இசைக்கலைஞர்களும் நகர்மன்ற உறுப்பினர்களானார்கள். சமூக ஜனநாயகக் கூட்டணியின் ஆதரவோடு யோன் மேயரானார்.

பனிக்கரடிக் கதையைத்தான் உலகப் பத்திரிகைகள் விரும்பி எழுதின. உண்மையான சோதனை நகரத்தின் எரிசக்தி நிறுவனத்தில் இருந்தது. பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பி, குளிர்காலத்தில் ஊரையே கதகதப்பாக வைத்திருப்பது அந்த நிறுவனம்தான். விரிவாக்கத்துக்காக அது அந்நியச் செலாவணியில் பெருங்கடன் வாங்கியிருந்தது. வருமானமோ பெரும்பாலும் உள்ளூர் நாணயமான குரோனாவில். குரோனாவின் மதிப்பு ஏறத்தாழ பாதியாகச் சரிந்ததும் கடன் கழுத்தை நெரித்தது. புதிய நிர்வாகம் கட்டணத்தை உயர்த்தியது, ஆட்களைக் குறைத்தது, சொத்துகளை விற்றது. வாக்காளர்களுக்குப் பிடிக்காத வேலைகள்தான். மழுப்பலாகப் பேசி அவற்றைத் தள்ளிப்போடாததே யோன் ஆட்சியின் பெருமை என்பேன். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவர்களின் பேச்சைக் கேட்கும் துணிச்சலும் அவருக்கு இருந்தது. நான்கு ஆண்டுகளும் அந்த நாற்காலியில் ஒரே மேயர் இருந்தார். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளை நினைத்தால் அதுவே பெரிய ஆறுதல்.

மேயரான புதிதில், 2010 ஆகஸ்டில், யோன் பாலினச் சிறுபான்மையினரின் பேரணிக்குப் பெண் வேடத்தில் வந்தார். சிலர் முகம் சுளித்தார்கள், பலர் கைதட்டினார்கள்.

2014இல் அவர் மீண்டும் போட்டியிடவில்லை. கூட்டணியில் உடனிருந்த தாகுர் எகர்ட்சன் மேயரானார். யோன் 2024இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்ற உறுப்பினரானார்.